ஆறு மணிக்கு மூடுகிற கடை

தாலுகா ஆபீஸ் பேச்சுவார்த்தையில் எல்லோரும் எட்டு மணிக்கு ஒத்துக்கொண்ட பிறகும், யோகேஸ்வரி ஒருத்தி மட்டும் ஆறு மணி என்று பிடிவாதம் பிடித்தாள்.

ராத்திரி பத்து வரை திறந்திருக்கிற மதுக்கடையை எட்டுக்கு மூட வைப்பதே லேசான காரியம் இல்லை. அதற்கே அந்தப் பக்கத்துப் பெண்கள் பதினோரு நாள் கடை வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, எட்டு மணி என்று மூன்று மாதம் வைத்துப் பார்ப்போம் என்றார். பக்கத்து வீட்டுப் பரிபூரணம், "குடுக்கத வாங்கிட்டுப் போவோம் தாயி" என்று முழங்கையால் இடித்தாள். யோகேஸ்வரி அசைந்தால்தானே.

"ஆறு மணி சார். ஆறு மணிக்கு ஷட்டர் எறங்கணும்."

"ஏம்மா, ஆறரை, ஏழுன்னாவது சொல்லலாம்ல? அது என்ன ஆறு?"

"பொம்பளப் பிள்ளைக வீட்டுக்கு வார நேரம் சார்."

அங்கே இருந்த பெண்கள் எல்லோரும் ஆமா ஆமா என்றார்கள். அதிகாரிக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. சரி, ஆறு என்று எழுதிவிட்டார்.

உண்மையில் அவள் மனதில் இருந்தது ஒரே ஒரு ஆள் வீட்டுக்கு வருகிற நேரம். அவள் புருஷன் முத்துவீரன் காலேஜ் பஸ்ஸை ஷெட்டில் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, நடந்து அந்தக் கடை வாசலுக்கு வர ஆறே கால் ஆகும். ஒரு கடையின் நேரத்தை ஒரு டிரைவரின் டூட்டி நேரத்தை வைத்து நிர்ணயம் பண்ணியவள் தமிழ்நாட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. வெட்கப்படுகிற நிலைமையெல்லாம் அவள் எப்போதோ தாண்டியிருந்தாள்.

கிருஷ்ணன்கோவிலில் இருக்கிற பெரிய பல்கலைக்கழகம் எல்லோருக்கும் தெரியும். இது அது இல்லை. அதைத் தாண்டி உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன இன்ஜினியரிங் காலேஜ். அதன் ராஜபாளையம் பஸ்ஸை முத்துவீரன் ஒன்பது வருஷமாக ஓட்டுகிறான். பஸ் ராத்திரி நிற்பது அவர்கள் குடியிருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில், காலேஜ் ஷெட்டில். காலை ஆறேகாலுக்கு ஷெட் சூப்பர்வைசர் ஐயாதுரை ஒரு சின்ன மிஷினை வாய்க்கு நேரே நீட்டுவார். ஊத வேண்டும். ஸைபர் வந்தால் சாவி. வேறு நம்பர் வந்தால் அன்றைக்கு வண்டி கிடையாது, பெயர் ரிஜிஸ்டரில் ஏறும். மூன்று தடவை ஏறினால் வேலை போய்விடும். முத்துவீரன் பெயர் இரண்டு தடவை ஏறிவிட்டது. முந்தின ராத்திரி பத்து மணி வரை குடித்தது விடிந்த பிறகும் மூச்சில் நின்று காட்டிக்கொடுத்தது.

போனால் போகட்டும், டெம்போ ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று விடவும் வழியில்லை. மகள் இந்து அதே காலேஜில் இரண்டாம் வருஷம் படித்தாள். ஸ்டாஃப் பிள்ளை என்று பீஸில் முக்கால்வாசி தள்ளுபடி. அப்பன் வேலையில் இருக்கிற வரைதான் அந்தச் சலுகை. அப்பன் சீட்டைக் கிழித்தால் மகளும் படிப்பை ஏறக்கட்ட வேண்டியதுதான். யோகேஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே துணி சுருட்டுகிறவள். முழுப் பீஸை அவள் கனவிலும் கட்ட முடியாது. மகள் தன்னைப் போல நின்றே கால் நரம்பு சுருண்டு போகக் கூடாது என்பதுதான் அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை.

ஆகவே அவள் போட்ட திட்டம் சுலபமானது. ஆறு மணிக்குக் கடை மூடினால் அவனுக்குக் கிடைக்காது. கிடைக்காவிட்டால் குடிக்க முடியாது. குடிக்காவிட்டால் காலையில் ஸைபர். மற்ற கடைகள் ஊரின் மறுகோடியில் இருந்தன. அவன் பைக்கை விழுந்து நொறுக்கி ஒரு வருஷம் ஆகிறது. டூட்டி முடிந்து அத்தனை தூரம் நடந்து போய்க் குடிக்கிற அளவுக்கு அவன் சுறுசுறுப்பானவன் இல்லை என்பது இருபத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

முதல் நாள் சாயங்காலம் பரிபூரணம் வீட்டு மாடியில் ஒளிந்து நின்று பார்த்தாள். ஆறே காலுக்கு முத்துவீரன் வந்தான். இறங்கிய ஷட்டரைப் பார்த்தான். புது நேரம் எழுதிய போர்டைப் பார்த்தான். கையில் கட்டியிருந்த வாட்சைத் தட்டிப் பார்த்தான். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் அவன் படாத பாடு பட்டான். வேர்த்துக் கொட்டியது, சாப்பாடு இறங்கவில்லை, கண்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். மூன்றாம் நாள் சரியாகிவிட்டான். நாலாம் நாள் பாட்டை முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். காலையில் ஷெட்டிலிருந்து போன் பண்ணி, "ஸைபர்ட்டி" என்பான். ஒவ்வொரு நாளும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அவள் கம்பெனிக்குக் கிளம்புவாள்.

இன்னொரு நல்லதும் நடந்தது. இந்து முன்பெல்லாம் ஐந்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவாள். இப்போது ராஜபாளையம் வரை போய், பஸ்ஸை ஷெட்டில் விட்ட பிறகு அப்பாவோடு சேர்ந்து ஆறே காலுக்கு வந்தாள்.

"எதுக்கு ஏட்டி வீணா அம்புட்டு தூரம் சுத்துத?"

"அனுசியா வீட்டுல நோட்ஸ் வாங்கணும்மா. அப்பாகூடயே வந்துருதேன்."

அப்பனோடு முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை, இப்போது ஒட்டிக்கொண்டு திரிகிறது என்று யோகேஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்துக் குழம்பு வைத்தாள். பிள்ளை இரண்டு வாய் தின்றுவிட்டு அப்படியே தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டே கண் அசந்தது. படிக்கிற பிள்ளை, களைத்துப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளூர் கேபிள் சானல்காரர் மைக்கோடு வந்து, கடையைச் சீக்கிரம் மூடினால் குடி குறையுமா என்று கேட்டார். "எங்க வீட்டுலயே கொறஞ்சிருக்கே சார், வேற என்ன அத்தாட்சி வேணும்?" என்று சொன்னாள். அதை நாலு நாள் போட்டார்கள். தெருவில் போனால் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பரிபூரணம் மட்டும் ஒருநாள் குழாயடியில் பேச்சை இழுத்தாள். "எங்க வீட்டுலதான் ஒண்ணும் கொறையல தாயி. அவிய மத்தியானமே ரெண்டா வாங்கி அரிசிப் பானைக்குள்ள சொருகி வச்சுக்கிடுதாக. முந்தி கடையோட போச்சு, இப்ப வீட்டுக்குள்ளயே கடை." யோகேஸ்வரி உச்சுக்கொட்டினாள். பரிபூரணத்துக்குப் புருஷனை அடக்கத் தெரியவில்லை என்று மனதுக்குள் ஒரு சின்னப் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள். அந்தப் பெருமையை நினைத்தால் பிற்பாடு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

இருபத்திரண்டாம் நாள் ஒரு புதன்கிழமை. கம்பெனிக்குத் துணி லோடு வரவில்லை என்று அரை மணி முன்னதாகவே விட்டுவிட்டார்கள். பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். தூரத்தில் காலேஜ் பஸ் வருவது தெரிந்தது. வெளியாள் ஏறக் கூடாதுதான். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டியில் பெண்டாட்டி ஏறினால் யார் கேட்கப் போகிறார்கள் என்று கையைக் காட்டப் போனவள், கையை அப்படியே இறக்கினாள்.

பஸ் ரோட்டின் நடுக்கோட்டில் ஏறி வந்தது. எதிரே வந்த டூவீலர்க்காரர் ஓரமாக மண்ணில் இறங்கி, காலை ஊன்றி நின்று, கெட்ட வார்த்தையில் கத்தினார். பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய், ஒரு குலுக்குக் குலுக்கி, கோணலாக நின்றது. மூன்று பெண்பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசியில் இறங்கியவள் உள்ளே திரும்பி, "தேங்க்ஸ் இந்து" என்றாள்.

டிரைவருக்குச் சொல்ல வேண்டிய தேங்க்ஸை எதற்கு இந்துவுக்குச் சொல்கிறது இது? யோகேஸ்வரி ஓடிப்போய்ப் படியில் ஏறினாள்.

இந்து உட்கார்ந்திருக்கவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் ரோட்டை விட்டு அகலவில்லை. "பொறு அப்பா, சைக்கிள் ஒண்ணு போவுது. செத்த நேரம் பொறு. போயிருச்சு. இப்ப மெதுவா எடு, வலது பக்கம் ஒடி." ஒரு கைக்குழந்தைக்கு நடை பழக்குகிற குரல். முத்துவீரன் சொன்னபடி செய்துகொண்டிருந்தான். உள்ளே வாடை குப்பென்று அடித்தது. பாக்கைப் போட்டு மெல்லுகிறவனின் வாய் வாடையை மீறி, அந்தப் பழைய வாடை, புதிதாக.

தாயைப் பார்த்ததும் இந்துவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

"நிப்பாட்டுங்க" என்றாள் யோகேஸ்வரி. இன்னொரு தடவை சொன்னாள். ஊரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரம் பஸ் நின்றது.

முத்துவீரன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தான். இந்துதான் பேசினாள். "கடை பன்னெண்டு மணிக்குத் தெறக்குதும்மா. அப்பாவுக்கு ஒம்பது மணிலருந்து நாலரை வரைக்கும் வேலை கெடையாது. காலேஜுக்குப் பின்னாடி வயக்காட்டு வழியா நடந்தா ஒரு கடை இருக்கு."

"எத்தன நாளா?"

"நீ கடைய மூட வச்ச மூணாம் நாள்லருந்து."

யோகேஸ்வரி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"முந்தி ராத்திரி குடிச்சிட்டுத் தூங்கிருவாரும்மா. இப்ப குடிச்சிட்டு வண்டிய எடுக்காரு. காலைல மிஷின்ல ஒண்ணும் வராது. சாயந்தரம் ஊதச் சொல்ல ஆள் கெடையாது."

"இம்புட்டும் தெரிஞ்சு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாட்டி நீ?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? அங்க போயி நிப்ப. வேல போயிரும். எனக்கு இன்னும் ரெண்டு வருசந்தாம்மா இருக்கு. நான் பாத்துக்கிடுதேன். திருப்பம் வந்தா நான் சொல்லிருதேன், லாரி வந்தா சொல்லிருதேன். அவரு நான் சொன்னா கேட்டுக்கிடுதாரு."

அப்போது முத்துவீரனின் போன் அடித்தது. பஸ்ஸில் ஜி.பி.எஸ். உண்டு; வழியில் ஐந்து நிமிஷம் சும்மா நின்றாலே ஷெட்டில் ஸ்கிரீனில் தெரிந்துவிடும். இந்து அதை எடுத்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல், "சார், பின் டயர்ல காத்து கம்மியா இருக்குன்னு அப்பா எறங்கிப் பாத்துக்கிட்டு இருக்காரு. கெளம்பிட்டோம் சார்" என்றாள். எத்தனை சுத்தமாகப் பொய் சொல்லப் பழகிவிட்டது பிள்ளை. யோகேஸ்வரிக்குப் புருஷன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. ராஜபாளையத்துக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் நடுவே தினமும் நாற்பத்தாறு பிள்ளைகளைத் தன் மகள் கண்ணாலேயே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தானோ மைக் முன்னால் நின்று அத்தாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையில் புருஷனோடு ஷெட்டுக்குப் போனாள். ஐயாதுரைக்கு அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "வாங்கம்மா, டி.வி.ல பாத்தேன். எங்க டிரைவருகளுக்கே நீங்க நல்லது செஞ்சிருக்கீக." மிஷினை நீட்டினார். முத்துவீரன் ஊதினான். ஸைபர்.

"சார், சாயந்தரமும் ஊதச் சொல்லுங்க" என்றாள் யோகேஸ்வரி.

ஐயாதுரைக்கு அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது. நல்ல மனிதர்தான். நாலு பஸ்ஸுக்குப் பொறுப்பு. ஒரு டிரைவர் குறைந்தால் அவர் தலையில்தான் விடியும். இத்தனை நாள் இது அவர் கண்ணுக்குப் படாமல் நடந்திருக்கிறது என்று வெளியே தெரிந்தால் அதுவும் அவர் தலையில்தான். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யம்மா, எனக்கு ரூல் காலையிலதான். சாயந்தரம் மிஷின் இங்க இருக்கும், பஸ்ஸு அங்க இருக்கும். நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. போயிட்டு வாங்க."

"இப்ப நான் ஒரு சொட்டு குடிச்சிருக்கனா? பெறகு எதுக்குட்டி இந்தக் கூத்து?" என்று முத்துவீரன் வண்டியை எடுத்தான். அவன் சொன்னதும் சரிதான். காலையில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தில் அவனைப் போல ஓட்ட ஆள் கிடையாது.

அவளும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். வேறு வழி தோன்றவில்லை. பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்து காவல் காத்தால், இன்றைக்கு ஒரு நாள், நாளைக்கு ஒரு நாள் என்று பழகிவிடுவான் என்று ஒரு நப்பாசை. மூழ்குகிறவளுக்கு நப்பாசையாவது வேண்டாமா?

பன்னிரண்டு மணி வரை அவன் ஒழுங்காக இருந்தான். டிரைவர்கள் ரூமில் சீட்டு ஆடினான். பன்னிரண்டு அடித்ததும் இரண்டு பேர் எழுந்து, அவளைப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு பின்பக்கம் போனார்கள். முத்துவீரன் எழவில்லை. சட்டை மட்டும் நனையத் தொடங்கியது. ஒரு மணிக்குச் சாப்பாட்டைப் பிரித்துக் கொடுத்தாள். சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் கொட்டியது. இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தான். மூன்று மணிக்கு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அமுக்கி உட்கார்ந்திருந்தான். அப்படியும் தோள் வரைக்கும் நடுங்கியது.

"யோகேசு" என்றான். அந்தப் பெயரை அவன் அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. "கை நிக்க மாட்டேங்குதுட்டி. இந்தக் கையோட நாலரைக்கு ஸ்டியரிங்கப் புடிக்க முடியாது. ஒரு கட்டிங்கு மட்டும். மருந்து மாதிரி. போட்டா நின்னுரும். சத்தியமா நல்லா ஓட்டுவேன்."

குடித்தாலும் ஓட்ட முடியாது. குடிக்காவிட்டாலும் ஓட்ட முடியாது. இதை எந்த மணிக்கு மூடிச் சரி பண்ணுவது? நேரத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டால் மனுஷன் கட்டுப்படுவான் என்று நம்பினாளே, அந்த நம்பிக்கையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: அவள் கடைக்குப் போகத்தான் எழுந்தாள். பர்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கேட் வரை போய், வாட்ச்மேனிடம், "அண்ணே, கடைக்கு எந்த வரப்பு வழியாப் போகணும்?" என்று கேட்டாள். பதினோரு நாள் கடை வாசலில் உட்கார்ந்தவள்தான். ஒரு கட்டிங் கொடுத்தால் கை நிற்கும், கை நின்றால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் வேலை நிலைக்கும், வேலை நிலைத்தால் பிள்ளை படிக்கும். அந்த நிமிஷத்தில் அது அத்தனை நியாயமாகத் தோன்றியது. வாட்ச்மேன் கையை நீட்டி வழி காட்டினார். இரண்டு எட்டு எடுத்தும் வைத்துவிட்டாள்.

"ஆன்ட்டி!"

நேற்று பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கிய பிள்ளை. லேப் முடிந்து மூன்று நாலு பேரோடு வந்துகொண்டிருந்தது. "இந்து அம்மாதான நீங்க? இன்னைக்கும் இந்து ராஜபாளையம் வரைக்கும் வருவாள்ல ஆன்ட்டி? அவ முன்னாடி நின்னாத்தான் எங்களுக்குப் பயமில்ல. வராட்டி சொல்லுங்க, நாங்க அரசு பஸ்ஸுல போயிருதோம்."

சிரித்துக்கொண்டே சொன்னது அது. அந்தப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், ஒரு பத்தொன்பது வயதுப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நம்பி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை தாய்மார் வீட்டில் டீயைப் போட்டு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

திரும்பி வந்தாள். முத்துவீரனின் சட்டைப் பையில் கையை விட்டு பஸ் சாவியை எடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடிக்கக்கூட அந்தக் கையில் வலு இல்லை. "வேண்டாம்ட்டி. பிள்ள படிப்புட்டி" என்று அழுதான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, ஆபீஸ் ரூமுக்குப் போனாள்.

பஸ்களுக்கெல்லாம் மேனேஜர் நவநீதகிருஷ்ணன் ராஜபாளையத்துக்காரர். சாவியை மேஜை மேல் வைத்து அவள் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார்.

"தினமும் ஸைபர்னு போட்டிருக்கேம்மா."

"ஸைபர்தான் சார். அத்தன நாளும் ஸைபர்தான். அப்படி வர வச்சதே நான்தான்."

அவர் ரிஜிஸ்டரை மூடி வைத்தார். "இதை நான் எழுத்துல வாங்கணும். எழுதிக் குடுத்தா உங்க வீட்டுக்காரருக்கு நாளைலருந்து இங்க வேலை கெடையாது. பொண்ணுக்கு இருக்க சலுகை..."

"தெரியும் சார்."

"செமஸ்டர் முடியட்டும்னு வேணும்னா..." என்று அவர் இழுத்தார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவளுக்கு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும் போல இருந்தது. செமஸ்டர் முடிய ஏழு வாரம். ஏழு வாரச் சாயங்காலம்.

"பேப்பர் குடுங்க சார்" என்றாள்.

எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துக்குக் கீழே இன்னாரின் மனைவி என்றும் எழுதினாள். கண்ணீர் பேப்பரில் விழுந்துவிடக் கூடாதே என்று தள்ளி உட்கார்ந்து எழுதியதில் எழுத்தெல்லாம் கோணிப்போனது. மேனேஜர் ஸ்பேர் டிரைவரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். முத்துவீரனை நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், இந்த நடுக்கத்தோடு வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்று சொல்லி, இன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் பஸ்ஸிலேயே போகலாம் என்றார்.

நாலரைக்குப் பிள்ளைகள் ஏறினார்கள். முத்துவீரன் மூன்றாவது சீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் சுருண்டிருந்தான். யோகேஸ்வரி அவன் கையைத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். இந்து ஓடிவந்து ஏறினாள். வழக்கம் போல நேரே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்தாள். பிறகுதான் ஸ்டியரிங்கில் வேறு ஆள் இருப்பதைப் பார்த்தாள்.

"போய் உக்காரும்மா, வண்டிய எடுக்கணும்" என்றார் அந்த டிரைவர்.

இந்து திரும்பித் தாயைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கத்துவாள், அழுவாள், நீ என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாய் என்பாள் என்று யோகேஸ்வரி உடம்பைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் அவள் தயார். இந்துவின் உதடு மட்டும் ஒரு தடவை கோணியது. மெல்ல நடந்து வந்து, எதிர்ப்பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் காலேஜ் கேட்டைத் தாண்டுவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.

தலை முன்சீட்டுக் கம்பியில் இடித்தது, அது தெரியவில்லை. வாய் லேசாகத் திறந்துகொண்டது. பை மடியிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. ஹாரன் அடித்தது, பிள்ளைகள் கத்திப் பாடினார்கள், பஸ் கிருஷ்ணன்கோவில் திருப்பத்தில் ஒடிந்து மெயின் ரோட்டில் ஏறியது. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. இருபது நாளாக விழித்திருந்த பிள்ளை செத்தவள் போலத் தூங்கினாள். அதைப் பார்த்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, யோகேஸ்வரி முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் கொஞ்ச தூரம்தான். வந்ததும் எழுப்ப வேண்டும். எழுப்பினால் எழுதிக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். ஒரு கையில் புருஷனின் நடுக்கத்தை அமுக்கிக்கொண்டு, மற்ற கையை நீட்டி மகளின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே வைத்துக்கொண்டாள்.

"அண்ணே" என்று டிரைவரைக் கூப்பிட்டாள். "கொஞ்சம் மெதுவாப் போங்க."